ஒரு பொட்டுகூட விழாத வண்டி

வீட்டுக்குக் கார் வந்த அன்றைக்கே பாய்லர்காரர் ஒரு சபதம் செய்தார். தனியாக மனதுக்குள் செய்திருந்தால் பிழைத்திருப்பார். மனைவியையும் மனைவியின் அண்ணனையும் சாட்சிக்கு நிறுத்திக்கொண்டு, வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி செய்தார். வினை அங்கேதான் பிள்ளையார் சுழி போட்டுக்கொண்டது.

கார் புதிதல்ல. இரண்டு பேர் ஓட்டித் தள்ளிவிட்டு, மூன்றாவதாக இவரிடம் வந்து சேர்ந்தது. ஆனால் நிறம் இருக்கிறதே, கருநீலம்! மழை பெய்து ஓய்ந்த அந்தி வானத்தை வெட்டி எடுத்துத் தகட்டில் ஒட்டியது போல. காகித ஆலையில் ராத்திரி முழுக்க பாய்லருக்கு முன்னால் நின்று, கரியையும் புகையையும் பார்த்துப் பார்த்துச் சலித்த மனிதர் அவர். தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இந்த உலகத்தில் பளபளப்பாக அவருக்கு இருந்தது இந்தக் கார் ஒன்றுதான், தலை வழுக்கையைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

காரை ஓட்டிவந்து வாசலில் விட்டவர் மச்சான். லாரி ஓட்டுகிறவர். சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மாப்பிள்ளை, போயும் போயும் கருநீலத்தையா வாங்குவீங்க? மூணு மாசம் போகட்டும். தாரு, பிசினு, பறவை எச்சம், பூச்சி எல்லாம் வந்து குடியேறும். சிறுத்தைப்புலியை வாசல்ல கட்டிவெச்ச மாதிரி இருக்கும்."

"என் வண்டியிலயா?"

"உங்க வண்டியிலதான்."

"மச்சான், மூணு மாசம் கழிச்சு வாங்க. ஒரு பொட்டு, ஒரே ஒரு பொட்டு இருந்தா, என் மீசையை எடுத்துடறேன்."

"மீசையை எடுத்தா முகத்துல வேற என்னங்க மிஞ்சும்?" என்றாள் மனைவி. கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கழுத்தில் தையல்காரர்கள் போடும் அளவு நாடா. விடுதிகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பது அவள் தொழில். "அது கிடக்கட்டும். எனக்கு ஒரு சாவி கொடுங்க. துணி மூட்டையைத் தூக்கிட்டு ரெண்டு பஸ் மாறிப் போறேன். கண்டக்டர் எனக்கு ஒரு டிக்கெட்டு, மூட்டைக்கு ஒரு டிக்கெட்டு கிழிக்கிறான். மூட்டைதான் ஜன்னலோரம் உட்காருது."

"உனக்குக் கார் ஓட்டத் தெரியுமா?"

"உங்களுக்கு முன்னாடியே லைசென்ஸ் வாங்கினவ நான். அண்ணன் லாரியிலயே கத்துக்கிட்டேன். உங்களைத்தான் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னா இறங்கி நின்னு யோசிச்சீங்கன்னு முதல் தடவை பெயில் பண்ணினாங்க."

மச்சான் வேறு பக்கம் திரும்பி இருமினார். இருமல் சிரிப்பு மாதிரி இருந்தது.

பாய்லர்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. பாய்லர் மாதிரியேதான் அவரும். சூடேறினால் விசில் அடிக்காமல் இருக்க முடியாது.

"ஓட்டறது யாருக்கும் வரும். பெயிண்ட்டைக் காப்பாத்தறது வருமா? இப்போ சொல்றேன், ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. எந்தக் கை இந்த வண்டியை மூணு மாசம் ஓட்டி, ஒரு பொட்டுகூட விழாமக் காட்டுதோ, அந்தக் கையிலதான் சாவி. அது இந்தக் கை!"

"வேற கையா இருந்தா?"

"இருந்தா அந்தக் கைக்கே கொடுத்துடறேன். நான் பஸ்ல போறேன். போதுமா?"

"அண்ணா, காதுல விழுந்துதா?"

"விழுந்துது, தங்கச்சி."

மனைவி மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் உள்ளே போனால் வீட்டில் ஏதோ வெட்டப்படுகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் துணி.

*

அவருடைய நாள் இப்படி ஓடும். ராத்திரி ஆலைப் பேருந்தில் வேலைக்குப் போவார். கருநீலத்தைப் புகைபோக்கிக்குக் கீழே நிறுத்த அவருக்கு மனம் வராது. விடிந்து வீடு வருவார். காரைத் தடவிக் கொடுப்பார். சாப்பிட்டு, காதில் பஞ்சு வைத்து, கண்ணுக்குத் துண்டு கட்டி, தலையணைக்கு அடியில் கார்ச் சாவியை வைத்துப் படுப்பார். மாலையில்தான் எழுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து, நான்கு தெரு சுற்றி, வந்த வழியே திரும்புவார். அந்த நான்கு தெருவுக்கும் அவர் முகத்தில் ஒரு களை வரும். படை நடத்திப் போகிற தளபதிக்கு அந்தக் களை வரலாம்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். ஆலையில் ராத்திரி முழுக்க முள் பார்ப்பதுதான் அவர் வேலை. அழுத்த முள், சூட்டு முள், தண்ணீர் மட்டம் காட்டும் முள். வீட்டுக்கு வந்தால் எந்த முள்ளையும் பார்ப்பதில்லை என்று வைத்திருந்தார். சுவர்க் கடிகாரத்துக்குக்கூட முதுகைக் காட்டித்தான் உட்காருவார். காருக்குள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் நாலைந்து வட்டங்களும் எண்களும் இருப்பது அவருக்குத் தெரியும். கண் கொடுத்துப் பார்த்ததே இல்லை. கேட்டால், "சம்பளம் கொடுத்தாத்தான் முள் பார்ப்பேன்" என்பார்.

முதல் வாரம் வண்டி கண்ணாடியாக இருந்தது. இரண்டாவது வாரம் ஒரு காலை, முன் சக்கரத்துக்குப் பின்னால், கதவின் அடிப்பக்கத்தில் கறுப்பாகக் கடுகளவு புள்ளிகள். நகத்தால் தொட்டார். அசையவில்லை. முகர்ந்தார்.

தார்!

நின்ற வண்டிக்குத் தார் எங்கிருந்து வரும்? வேறொரு மனிதனாக இருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, அதற்குப் பதில் தேடியிருப்பான். பாய்லர்காரரோ படிக்கிற ஆசாமி. பள்ளிக்கூடம் அவரைச் சீக்கிரமே கைவிட்டாலும் அவர் படிப்பைக் கைவிடவில்லை. பாய்லர் அமைதியாக எரிகிற வேளைகளில் கார்ப் பெயிண்ட்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தார். படித்தவருக்குப் பதில் தெரியாமல் போகலாமா? அவரே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் மதில்மேல் கையூன்றி நின்றிருந்தார்.

"என்ன சார், காலையிலேயே காருக்குக் காலைப் பிடிச்சுவிடறீங்க?"

"மெல்லப் பேசுங்க டாக்டர். தார். காத்துல வருது."

"காத்துல தாரா?"

"வெயில்ல ரோடு உருகும். உருகினா ஆவியாகும். ஆவி மேல போய், குளிர்ந்து, பொட்டுப் பொட்டா இறங்கும்."

"எல்லாப் பொட்டும் சக்கரத்துக்குப் பின்னாடி மட்டும் எப்படி சார் இறங்கும்?"

பாய்லர்காரர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "பல்லுக்கு நீங்க, பெயிண்ட்டுக்கு நான். நான் உங்களை எதுக்கு வேர் வரைக்கும் தோண்டறீங்கன்னு கேட்டேனா?"

டாக்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு, மற்றவர்களை எப்போதும் 'வாயைத் திறங்க' என்று சொல்லும் அந்த மனிதர், தன் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் ஆஸ்பத்திரிக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுத்தது யார் என்பதை பாய்லர்காரர் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து யுத்தம். ரகசிய யுத்தம். ஒரு பொட்டு விழுந்தது என்று வெளியே தெரிந்தால் மீசை போகும். சாவியைப் பற்றிப் பேசிய பேச்சும் போகும். மனைவியிடம், "சும்மா தூசு தட்டறேன்" என்றார்.

தாருக்கென்று விற்கும் திரவத்தைத் தெளித்துவிட்டுக் காத்திருந்தார். தார் இளகிப் பழுப்பாகக் கண்ணீர் விட்டு வழிந்தது. துணியால் ஒற்றி எடுத்தார், தேய்க்கவில்லை. தேய்த்தால் கீறும். மறுவாரம் பானட்டின் மேல் பிசின், தேன் உறைந்தது போல. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து அதன்மேல் வைத்து, காய்ச்சல்காரன் நெற்றியில் ஈரத்துணி போடுகிற பொறுமையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்து முன் பம்பரில் பூச்சிகள். சிறகும் காலுமாக அப்பிக் கிடந்தன.

நின்ற வண்டியில் பூச்சி மோதுமா என்று சந்தேகம் வந்தது. கால் நிமிஷத்தில் போய்விட்டது. 'நான் போட்ட பாலிஷ் அப்படி. பூச்சிக்குத் தன் முகம் தெரிஞ்சிருக்கு. இன்னொரு பூச்சி எதிர்ல வருதுன்னு நினைச்சுப் பாய்ஞ்சிருக்கு.' அந்தப் பூச்சிகளின் மரணத்தில் அவருக்கு லேசான வருத்தமும் நிறையப் பெருமையும் இருந்தன.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கிளே. பிசைந்த களிமண் போல ஒரு கட்டி. பெயிண்ட்டில் குத்தி நிற்கிற கண்ணுக்குத் தெரியாத துகளையெல்லாம் வாரிக்கொண்டு வரும். சோப்புத் தண்ணீர் தெளித்து, கட்டியைத் தட்டையாக்கி, வட்டம் போடாமல் நேர்கோட்டில் வழுக்கிவிட வேண்டும். முதலில் சொரசொரவென்று முனகும். பிறகு முனகல் அடங்கி, வெண்ணெயில் விரல் போவது போலப் போகும். அந்த ஓசை அடங்குகிற கணத்துக்காகவே அவர் ராத்திரி முழுக்கக் காத்திருப்பார். கட்டி கை தவறிக் கீழே விழுந்தால் தூக்கி எறிந்துவிட வேண்டும். ஒட்டிய மண் பெயிண்ட்டை உழுதுவிடும். ஒருமுறை விழுந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை.

மனைவி டீ கொண்டுவந்து தருவாள். மேலும் கீழும் பார்ப்பாள்.

"தூசு தட்டி முடிச்சாச்சா?"

"ம்."

"அந்தப் பக்கம், பின் கதவுக்குக் கீழே தட்டினீங்களா?"

போய்ப் பார்ப்பார். அங்கே நாலு பொட்டு இருக்கும். 'என்ன கண்ணு இவளுக்கு! ஊசியில நூல் கோக்கிற கண்ணு' என்று உள்ளுக்குள் மெச்சிக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சவாரிக்குக் கிளம்பினால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

"சீட்டு முன்னாடி வந்த மாதிரி இருக்கே?"

"சீட்டு எங்கேங்க போகும்? வயசானா உடம்பு விரியும்."

"கால் கூடவா நீளும்?"

"உங்களுக்கு எல்லாமே கொஞ்சம் நீளம்தானே. நாக்குல ஆரம்பிச்சு."

அவர் சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டார். மறு ஞாயிறும் இடித்தது. சரி, வளர்கிறோம் என்று விட்டுவிட்டார். ஒரே ஒரு விஷயம் மட்டும் அவரை வியப்பில் ஆழ்த்தியது. வாங்கிய நாளிலிருந்து வண்டி பெட்ரோலே கேட்கவில்லை. அதையும் பல் டாக்டரிடம் பெருமையாகச் சொன்னார்: "மேனி வழவழன்னு இருந்தா காத்து வழுக்கிட்டுப் போகுது டாக்டர். வண்டிக்குப் பசிக்கிறதே இல்லை."

*

மூன்று மாதம் முடிந்த ஞாயிறு. மச்சான் வந்தார். கூடவே மதிலுக்கு அந்தப் பக்கம் பல் டாக்டரும் வந்து நின்றார். மனைவி தைத்து முடித்த திரைச்சீலை மூட்டையை வாசற்படியில் வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தாள்.

கார் நிழலில் நின்றது. அதைப் பார்ப்பதற்குப் பதிலாக அதில் தெரிந்த வானத்தைப் பார்த்தாலே போதும் என்பது போல நின்றது. பாய்லர்காரர் மச்சான் கையில் ஒரு பாலித்தீன் பையை மாட்டிவிட்டார்.

"என்ன மாப்பிள்ளை, ஆபரேஷனா?"

"வெறுங்கைக்குத் தெரியாத துகள் பையோட தடவினாத் தெரியும். தடவுங்க. ஒரு இடம் சொரசொரன்னு இருந்தாச் சொல்லுங்க."

மச்சான் தடவினார். பானட், கூரை, கதவு. குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் தடவினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பம்பரைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது. கடைசியில் பையைக் கழற்றிவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டார்.

"தோத்துட்டேன் மாப்பிள்ளை. பட்டுத்துணி கெட்டுது. இடையில எதாவது விழுந்து சுத்தம் பண்ணினீங்களா?"

இதுதான் நேரம். உண்மையைச் சொல்லியிருந்தால் பாதிப் பெருமையாவது மிஞ்சியிருக்கும். பாய்லர்காரருக்குப் பாதி எப்போதும் போதாது.

"சுத்தமா? விழுந்தாத்தானே சுத்தம் பண்ண! மூணு மாசத்துல ஒரு பொட்டு விழல. கடுகளவு விழல. டாக்டர், நீங்க சொல்லுங்க!"

டாக்டர் வானத்தைப் பார்த்தார்.

"இருந்தாலும்" என்றார் மச்சான், "நிறுத்தி வெச்ச வண்டியில கறை இல்லேன்னா அதுல என்ன கெட்டிக்காரத்தனம்? ஓடியிருக்கணுமே." கதவைத் திறந்து உள்ளே குனிந்து மீட்டரைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "யப்பா! மாப்பிள்ளை, நான் கொண்டுவந்து விட்டப்ப என்ன காட்டுச்சுன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இது என் லாரிக்குச் சமமா ஓடியிருக்கே!"

பாய்லர்காரருக்குக் காதில் ஏதோ விசில் கேட்டது.

"இவ்வளவு ஓடியும் ஒரு பொட்டு இல்லையா?" மச்சான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஓட்டினது கையா, மயிலிறகா? நான் லாரித் தொழிலுக்கே லாயக்கில்ல மாப்பிள்ளை!"

வண்டி எப்படி ஓடியது, யார் ஓட்டியது? இந்தக் கேள்விகள் மண்டைக்குள் வந்து வரிசையில் நின்றன. ஆனால் புகழ்ச்சி அவற்றைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்துவிட்டது. லாரி ஓட்டுகிற மச்சான், இருபது சக்கரத்தை மேய்க்கிற மச்சான், தன் கையைக் குலுக்குகிறார்! முதலில் பாராட்டை வாங்கிப் போட்டுக்கொள்வோம். விசாரணையை அப்புறம் வைத்துக்கொள்வோம் என்று அவர் முடிவு செய்தார்.

"கைதான் மச்சான்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார். "எல்லாம் ஓட்டற கையிலதான் இருக்கு. சாதாரணக் கைக்கு இது வராது. இப்படி ஓட்டினவங்க கையைக் கண்ணுல ஒத்திக்கணும்."

மூட்டையின் மேலிருந்து மனைவி எழுந்தாள். நிதானமாக வந்து, வலது கையை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"ஒத்திக்குங்க."

"என்ன?"

"ஓட்டினது நான்தாங்க. தினமும். நீங்க படுத்ததும் கிளம்பி, நீங்க எழுந்திரிக்கறதுக்குள்ள வந்துடுவேன். ஆத்துக்கு அந்தப் பக்கம் புதுசா மூணு விடுதிக்குத் தைக்கிறேன். அங்கே இப்போதான் ரோடு போடறாங்க."

"சாவி என் தலையணைக்கு அடியில..."

"பத்தரை மணிக்கு நீங்க இடப்பக்கமாப் புரண்டு படுப்பீங்க. அப்போ எடுப்பேன்."

"புரளலேன்னா?"

"நானே புரட்டிவிடுவேன்."

மச்சான் மறுபடியும் வேறு பக்கம் திரும்பி இருமினார். இந்த முறை இருமல் அடங்க நேரமாயிற்று.

"நீங்களே சொன்னீங்க," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல், துணி வெட்டிய ஓரத்தை மடித்துத் தைக்கிற மாதிரி. "எந்தக் கை மூணு மாசம் ஓட்டி ஒரு பொட்டுகூட விழாமக் காட்டுதோ, அந்தக் கைக்குச் சாவி. அண்ணன் தடவிப் பார்த்தாச்சு. கடுகளவுகூட விழலன்னு நீங்களும் சொல்லியாச்சு."

பாய்லர்காரர் வாயைத் திறந்தார். தார், பிசின், பூச்சி என்று எல்லாம் தொண்டை வரை வந்தன. விழுந்தது என்று சொன்னால் மச்சான் முன்னால் மீசை போகும். விழவில்லை என்றால் சாவி போகும். மூன்று மாதம் குனிந்து நிமிர்ந்து, அவளுடைய தடயம் ஒன்றுகூட விடாமல், பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்துத் துடைத்துக் கொடுத்தது யார் என்று நினைத்துப் பார்த்தார். இடுப்பு வலித்தது.

"விழுந்துச்சுன்னு எதாவது சொல்ல வந்தீங்களா?" என்று அவள் அன்போடு கேட்டாள்.

"இல்ல" என்றார். "ஒண்ணும் விழல."

இடுப்பு மடிப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

மச்சான் மூட்டையைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டுத் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவள் சீட்டை ஒரே இழுப்பில் முன்னால் இழுத்தாள். அந்த வீட்டு வாசல் இருக்கிறதே, இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் இருந்தால் அதிகம். பாய்லர்காரர் அதில் பின்னால் எடுக்கும்போதெல்லாம் மூன்று தரம் இறங்கி நின்று யோசிப்பார். அவள் கண்ணாடியை ஒருமுறை பார்த்தாள். கருநீலம் சுவரைத் தொடாமல், மதிலைத் தொடாமல், உறையிலிருந்து கத்தி உருவுகிற மாதிரி வழுக்கி வெளியே வந்தது. தெருவில் திரும்பியது. வெயில் அதன் முதுகில் ஒருமுறை பளீரென்று அடித்தது.

எத்தனையோ இரவுகள் நெருப்பைப் பார்த்து நின்ற மனிதரின் முகத்தில் அவருக்கே தெரியாமல் வெளிச்சம் வந்தது. பளபளப்பு அவருடையது. ஓட்டம் அவளுடையது. 'பார்த்தியா, எப்படி எடுத்தா! என் பொண்டாட்டி!' என்று தோன்றியது. தோல்வி என்று நினைக்கவே மறந்துபோனார். தெருமுனையில் வண்டி மறையும்வரை, மீசையைத் தடவியபடி நெஞ்சு நிமிர்த்தியே நின்றார்.

"சார்" என்றார் மதிலுக்கு மேலிருந்து பல் டாக்டர், தன்னுடைய வெள்ளைக் காரின் சாவியை நீட்டிக்கொண்டே. "என் வண்டியிலயும் நிறையத் தார் ஒட்டியிருக்கு. உங்க வீட்டம்மாகிட்டக் கேட்டேன். இனிமே ஞாயித்துக்கிழமையில உங்களுக்கு வேற வேலை இருக்காதுன்னு போன வாரமே சொல்லிட்டாங்க."